முழங்கால் என்று சொன்னேன்

முதலில் எல்லோரிடமும்
முழங்கால் என்றுதான் சொன்னேன்.
கையை அங்கே வைத்து
ஒரு ஃபோர்மேனிடம் எப்படிக் காட்டுவது?

சித்ரா, பஹ்ரைனில் ஒரு தீவு.
(பெயரைக் கேட்டு ஜூலியட்
முதல் மாதம் சந்தேகப்பட்டாள்.)
பட்டறைகளுக்குப் பின்னால்
கல் பொறுக்கி நாங்களே சமன் செய்த மணல்தரை.
வெள்ளி இரவு, ஒன்றுக்கு ஒன்று.
எனக்கு எட்டாத பந்து அது.
இடது கால் மணலில் ஊன்றி நிற்க
வலது கால் மட்டும் பந்தோடு போனது.
நடுவில் நான் கிழிந்தேன்.
சத்தம்கூடக் கேட்டது,
ஈரத் துணியைக் கிழிப்பதுபோல,
உள்ளுக்குள், எனக்கு மட்டும்.

காலை நாலேகாலுக்குக் கம்பெனிப் பேருந்து.
படி இத்தனை உயரம் என்று
நாலு வருடமாகத் தெரியாது.
கால்சட்டைத் துணியைப் பிடித்துத்
தூக்கி உள்ளே வைத்தேன் என் காலை,
வேறு யாருடைய சாமானையோ போல.

தும்மினால் அங்கே.
இருமினால் அங்கே.
மேல்கட்டிலில் புரண்டால் அங்கே.
கீழ்க்கட்டில் அனஸ்தாஸ் கேலி செய்ய,
சேர்ந்து சிரித்ததில் உயிர் போய் வந்தது.
மூன்றாம் நாள் அவனே
தன் படுக்கையைச் சுருட்டி மேலே எறிந்தான்.
"பேசாம கீழ கிடலே."

"ஏன் சாஞ்சே உக்காந்திருக்க?"
வீடியோவில் ஜூலியட்.
முழங்கால், என்றேன்.
கட்டின பெண்டாட்டியிடமும் முழங்கால்.

கிளினிக்கில் பிசியோ ரோவீனா, பிலிப்பைன்ஸ்காரி,
என் முழங்காலை மடக்கினாள், நீட்டினாள்.
தன்மேல் குற்றமில்லை என்று
அதுவே சொல்லிவிட்டது.
பிறகு மூடிய கையை
இரண்டு முட்டிக்கும் நடுவே வைத்து
அழுத்து, என்றாள்.
அழுத்தினேன்.
என் முகம் சொன்னதை எழுதிக்கொண்டாள்.
உன் பாஷையில் இந்த இடத்துக்கு என்ன பெயர்?
தமிழ் தெரிந்தவர் யாருமில்லை என்று
சுற்றிப் பார்த்துவிட்டு,
கவட்டை, என்றேன்.
காவாத்தே, என்று திருப்பிச் சொன்னாள்,
ஏதோ ஊர்ப்பெயர்போல.

ஓடாதே. சும்மாவும் கிடக்காதே.
மருந்து, ஒரு பந்து.
மல்லாந்து படுத்து, முட்டிகளுக்கு நடுவே வைத்து
பத்து எண்ணும்வரை நெருக்கு. விடு. நெருக்கு.
என்னைக் கிழித்த அதே பந்துதான்,
கொஞ்சம் காற்று இறங்கியது.
ஐந்தாம் வாரம் ஒருக்களித்துப் படுத்து
மேல்காலை ஒருவர் தாங்க
இடுப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும்.
அனஸ்தாஸின் ஒரு கையில் என் கணுக்கால்,
மறு கையில் மொபைல்.
"இதுக்குத் தனியா சம்பளம் உண்டால?"
எட்டுப் பேர் அறை எண்ணியது,
வங்காளத்தில், மலையாளத்தில்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே நிறுத்தி.

சாரம் ஏறுகிறவன்
மூன்று வாரம் கீழே நின்று
குழாய் எடுத்துக் கொடுத்தேன்.
ஓவர்டைம் போயிற்று, இருபத்திரண்டு தினார்.
அந்த மாதம் அனுப்பிய தொகையில்
கிழிசல் தெரிந்திருக்கும்.
ஜூலியட் கேட்கவில்லை.

நேர் ஓட்டம் சீக்கிரம் வந்துவிட்டது.
கடைசியில் வந்தது ஒரு சின்ன விஷயம்:
உள்பாதத்தால்
பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு பாஸ்.
ஐந்தடி தூரம்.
தசை ஆறிய பிறகும்
கால் கேட்டுக்கொண்டே இருந்தது,
போகட்டுமா, போகட்டுமா.

பதினோராம் வாரம்.
ரிஃபைனரித் தீ அந்தப் பக்கம் எரிய,
சட்டை காயவிடாத கடற்காற்றில்
கடைசிப் பத்து நிமிடம் இறங்கினேன்.
இரண்டு தடவை தொட்டேன் பந்தை.

அப்போதுதான் எதிரணியின் டேக் பகதூர்
தனக்கு எட்டாத ஒன்றுக்குக் காலை நீட்டினான்.
விழவில்லை.
நின்ற இடத்திலேயே நின்றான்,
கண் மட்டும் எங்கோ.
ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.
எங்கே, எங்கே?
குட்னா, என்றான்,
முழங்காலில் கையை வைத்து.

ஐஸ் கொண்டுவந்தவன் அங்கேயே குனிந்தான்.
நான் அதை வாங்கித்
துண்டில் சுற்றி
அவன் கையில் கொடுத்துவிட்டு,
கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி
கொஞ்சம் அகலமாக
நின்றுகொண்டேன்.